ரோமாபுரிப் பலகாரம்

விராலிமலை,
6 அக்டோபர் 2024

அன்புத் தங்கை அன்புமொழிக்கு அக்கா பெரியநாயகி எழுதுவது. சேசுவுக்கே புகழ். நானும் அம்மாவும் சுகம். நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். கவருக்கு மேலே 'சிஸ்டர் மரிய கிளாரா' என்று எழுதிவிட்டேன். உள்ளே எனக்கு நீ அன்புமொழிதான், அதற்கு உன் மடத்து மதர் கோபித்தால் கோபிக்கட்டும்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியிருக்கிறது. மழை இல்லை. கடலைக் கொல்லையில் மயில் இறங்கிக் கிளறிவிட்டுப் போகிறது. பைபாஸில் நம் டீக்கடை வழக்கம்போல ஓடுகிறது.

உன் கடிதத்தைப் போன ஞாயிறு ஜெபமாலை முடிந்ததும் கோயிலில் வைத்து உபதேசியார் அருளப்பன் சத்தமாக வாசித்தார். கவரைப் பிரிப்பதும் அவர்தான். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் மாதாவுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையின் கடிதம் ஊர்ச் சொத்தாம். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, நீ எழுதிய ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். பூசை நேரத்தில்கூட அவள் அப்படி விழித்திருந்து நான் பார்த்ததில்லை.

உன்னைப் பலகாரம் சுடும் அடுப்படிக்கு மாற்றிவிட்டார்களாமே. பார்த்தம்மா, சீனி டப்பா எது உப்பு டப்பா எது என்று தெரிந்து போடு. நம் வீட்டில் ஒருத்தி உப்பு போட்டது போதும். அப்போது நீ சின்னப்பிள்ளை, நினைவிருக்கிறதோ என்னமோ. கீரமங்கலத்துக்கு என்னைக் கட்டிக்கொடுத்த அன்று, "அங்க என்னால முடியலைன்னா பலகாரத்துல உப்பப் போட்டு அனுப்புறேன்டி" என்று உன் காதில் சொல்லிவிட்டுத்தான் கார் ஏறினேன். மாமியார் என் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறவள், போன் அவள் தலைமாட்டில். அந்த வருஷம் தேர்த் திருவிழாவுக்கு அதிரசம் கொடுத்துவிட்டேன். நீ ஒரு கடி கடித்துவிட்டுத் தெருவே கேட்க அழுதாயாம். அப்போது அப்பா உயிரோடு இருந்தார், போட்டிருந்த சட்டையைக்கூட மாற்றாமல் அடுத்த பஸ்ஸில் வந்து நின்றார். "பிள்ளைய அனுப்புங்க" என்றார். அன்றைக்கு வந்தவள்தான், இன்னும் இங்கிட்டுத்தான் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.

இறுதி வார்த்தைப்பாடு எப்போது என்று ஊரே கேட்கிறது. பஸ் ஸ்டாப்பில் வைத்த உன் பிளெக்ஸ் வெயிலில் வெளுத்துப்போய்விட்டது, புதுசு அடிக்க வேண்டும் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். குளித்தால் தலையை நன்றாகத் துவட்டு.

உன் அக்கா,
பெரியநாயகி

*

இத்தாலி,
10 நவம்பர் 2024

சேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க. அன்புள்ள அம்மாவுக்கும், அக்காவுக்கும், உபதேசியார் ஐயாவுக்கும், கேட்டுக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் என் வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். அம்மா கால் வீக்கத்துக்கு மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா?

இங்கே மலைமேல் பனி விழ ஆரம்பித்துவிட்டது. அடுப்படிக்கு வந்ததில் ஒரு நன்மை, கை விறைப்பதில்லை. எங்கள் மடத்தில் என்னைத் தவிர எல்லோரும் வயதானவர்கள். பகலில் ஒரு மணி நேரம்தான் பேசலாம். என் பக்கத்தில் உட்காரும் சிஸ்டர் அஞ்ஜெலாவுக்குக் காது கேட்காது. பேசும் நேரம் வந்ததும் அவர் தூங்கிவிடுவார். நான் துணி தைப்பேன்.

நாங்கள் சுடும் பலகாரத்தை வாங்க வருகிறவர்கள் வெளியே மணி அடிப்பார்கள். சுவரில் மரத்தால் செய்த ஒரு சுழலும் பெட்டி இருக்கிறது. டப்பாவை அதில் வைத்துச் சுற்றிவிட வேண்டும். அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியாது, எங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது. எடுக்கும்போது கை மட்டும் தெரியும். போன வாரம் ஒரு கையில் மருதாணி இருந்தது. அது எந்த ஊர்ப் பெண்ணோ. நான் வணக்கம் என்று சொல்வதற்குள் கை போய்விட்டது.

மதர் கூப்பிட்டு, இறுதி வார்த்தைப்பாட்டுக்குத் தயாரா என்று ஈஸ்டருக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டால் பிறகு சாகும்வரை இந்த மடம்தான். எனக்காக ஜெபியுங்கள். அக்கா, உங்கள் அதிரசம் நினைவிருக்கிறது. நன்றாக நினைவிருக்கிறது.

ஆண்டவரில் உங்கள்,
மரிய கிளாரா

*

விராலிமலை,
29 டிசம்பர் 2024

என் அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. சுகம். நீயும் சுகம் என்று கிறிஸ்துமஸ் போனில் கேட்டுக்கொண்டோம்.

அது ஒரு போனா? வருஷத்துக்கு ஒரு தரம், அதுவும் அஞ்சு நிமிஷம். அதில் பாதியை உபதேசியார் வாழ்த்துச் சொல்லியே தின்றுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீடு நிறைய ஆள். ஆண்டியப்பன் மாமா, அவர் நம் கோயில்காரர்கூட இல்லை, அவரும் வந்து "அங்கிட்டு மழ தண்ணி எப்புடிம்மா?" என்று கேட்டார். எனக்கு முறை வந்தபோது நீ "அக்கா" என்றாய். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. டவர் போயிருச்சு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பனியில் சளி பிடித்திருக்கும். சுக்கு கிடைக்காவிட்டால் மிளகாவது தட்டிப் போட்டுக் குடி.

போன் வைத்த பிறகு எல்லோரும் கேக் தின்றுவிட்டுப் போனார்கள். அம்மா தூங்கிவிட்டாள். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே உன்னோடு பேசினேன், அவ்வளவு நேரம் பேசினேன். ஒரு குரல் திரும்பிப் பேசினால் தேவலாம் என்று இருந்தது. சரி, அதை விடு. கடையில் பால் பொங்குகிறது.

உன் அக்கா

*

இத்தாலி,
26 ஜனவரி 2025

சேசுவுக்கே புகழ். அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும் மற்ற அனைவருக்கும். நான் நலம். சளி இல்லை.

திருச்சி ஃபாதர் ஒருவர் இங்கே படிப்பு முடித்து ஊருக்குத் திரும்புகிறார். அவரிடம் ஒரு டப்பா பலகாரம் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்துவிடலாம். டப்பா மூடியில் பெரிதாக 'க்ரூஸ்துலும்' என்று எழுதியிருக்கும். பயந்துவிட வேண்டாம், லத்தீனில் அதற்குச் சின்ன இனிப்புக் கேக் என்று பொருள், அவ்வளவுதான். அடுப்பு கட்டிய காலத்தில் ஏதோ ஒரு சிஸ்டர் வைத்த பெயர். மேலே இருக்கிற சிலுவைக் குறி அச்சில் விழுகிறது.

மற்றவை எல்லாம் பெரிய சிஸ்டர்கள் பிசைந்தவை. உங்களுக்கு அனுப்புவதை மட்டும் நானே தனியாகப் பிசைந்தேன். முதலில் அக்கா சாப்பிட வேண்டும். வேறு யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் அக்கா ஒன்று சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். ஈஸ்டருக்கு முன்னால் உங்கள் பதில் எனக்கு வந்தால் நல்லது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள்,
மரிய கிளாரா

*

விராலிமலை,
18 பிப்ரவரி 2025

தங்கைக்கு அக்காவின் ஆசீர். எல்லோரும் சுகம். நீ அனுப்பிய டப்பா வந்து சேர்ந்தது, கடிதம் இன்னும் வரவில்லை. இங்கே நடந்த கூத்தைக் கேள்.

ஃபாதர் டப்பாவைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் உபதேசியாரிடம் கொடுக்க, உபதேசியார் மூடியைப் பார்த்தார். லத்தீன்! அவர் சின்ன வயதில் லத்தீன் பூசைக்கு மணி அடித்தவர். எழுத்துக் கூட்டி வாசித்தாரே தவிர அர்த்தம் தெரியவில்லை. "பூசை பாஷைல பேரெழுதி, மேல சிலுவையும் போட்டு, அடைபட்ட மடத்துலேர்ந்து வந்திருக்கு. இதப்போயி டீக்கு முக்கித் திங்கவா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். டப்பா வீட்டுக்கு வரவில்லை, கோயிலுக்குப் போனது. நான் எடுத்துக் கொடுக்க, வரிசையில் நின்று வாங்கினார்கள்.

படுக்கையில் கிடக்கிற செபஸ்தியார் தாத்தா தலையணைக்கு அடியில் ஒன்று. ஆண்டியப்பன் மாமா நானும் ஊர்க்காரன்தானே என்று கேட்டு வாங்கி, புதுசாகப் போட்ட போர்வெல் குழிக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறார். சொர்ணவல்லி அக்கா முருகன் படத்துக்குக் கீழே தட்டில் திறந்தே வைத்திருக்கிறாள். ஓர் எறும்புகூட அண்டவில்லையாம். அதைப் பார்க்க ஆள் வந்து போகிறது. உபதேசியார் மட்டும் முழங்காலில் இருந்து ஒன்றை விண்டு வாயில் போட்டார். எப்படி என்று கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு "அமிர்தம்" என்றார்.

ஊரில் நமக்கு மரியாதை எவ்வளவு கூடிவிட்டது தெரியுமா? கீரமங்கலத்திலிருந்து திரும்பி வந்தவள் என்று என்னைப் பார்த்து வாயைக் கோணிய சனம், அன்று என் கையிலிருந்து பலகாரம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உன் அக்கா,
பெரியநாயகி

*

இத்தாலி,
12 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நலம், உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் என்னை இவ்வளவு நேசிப்பதற்கு நான் தகுதியில்லாதவள். போர்வெல்லில் தண்ணீர் வந்ததா?

அக்கா, நீங்கள் சாப்பிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் எல்லோரைப் பற்றியும் இருந்தது, அது மட்டும் இல்லை. உபதேசியார் ஐயா சொன்னதை எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் நாக்குக்கு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். உங்களுக்குத்தான் பலகாரத்தின் பக்குவம் தெரியும்.

தவக்காலம் தொடங்கியதால் பேசும் ஒரு மணி நேரமும் இப்போது இல்லை. முந்தாநாள் காலை அடுப்படியில் கை சுட்டுக்கொண்டபோது "ஐயோ" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. புண் ஆறி வருகிறது, அம்மா கவலைப்பட வேண்டாம்.

மதர் நல்லவர். ஈஸ்டர் வரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் பதிலுக்கு நானும் காத்திருக்கிறேன்.

உங்கள்,
மரிய கிளாரா

*

விராலிமலை,
29 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு. சுகம். நீ கையைச் சுட்டுக்கொண்டதைக் கேட்டு அம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை. இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன், ஈஸ்டருக்குள் வந்துவிடும்.

உன் முந்தைய கடிதமும் பிந்திய கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. லத்தீனுக்கு அர்த்தம் வெறும் இனிப்புக் கேக் என்று வாசித்தபோது உபதேசியார் கொஞ்சம் திணறிப்போனார். அப்புறம் மனுஷன் சமாளித்துவிட்டார். "பேரு பலகாரந்தான். சுட்ட கை யாரு கை?" என்றார். கோயிலே ஆமாம் போட்டது. செபஸ்தியார் தாத்தா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் வேறு. இனி யார் என்ன சொல்லி என்ன?

நீ கேட்டதற்குப் பதில். சாப்பிட்டேன். தேன்தான். ஒரு குறையும் இல்லை. நீ எதைப் பிசைந்தாலும் அக்காவுக்குத் தேன்தான்.

மதருக்குச் சந்தோஷமாகப் பதில் சொல். இங்கே எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். நான் தவக்காலத்துக்கு இனிப்பை விட்டிருக்கிறேன், டீயில்கூடச் சீனி இல்லை. உனக்காகத்தான் அந்த ஒறுத்தல். அம்மா வீட்டில் மாதா சிலை இருக்கிற சுரூபக்கூட்டைத் தினமும் துடைத்துப் பூப் போடுகிறாள். பைபாஸில் வெயில் இப்போதே தார் உருகுகிறது.

உன் அக்கா,
பெரியநாயகி

*

இத்தாலி,
4 மே 2025

சேசுவுக்கே புகழ். அம்மாவுக்கும் அக்காவுக்கும்.

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நலம். அக்காவின் பதில் பெரிய வியாழன் அன்று கிடைத்தது. தேன் என்று எழுதியிருந்தீர்கள். புரிந்துகொண்டேன். மறுநாள் மதரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 8, பெந்தகோஸ்து ஞாயிறு, வார்த்தைப்பாடு. இங்கே காலைப் பூசை நடக்கும்போது அங்கே மதியம் தாண்டியிருக்கும். நீங்கள் யாரும் வர முடியாது என்று தெரியும்.

என்னை அடுப்படியிலிருந்து மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். இப்போது துணி வெளுக்கிறேன்.

மரிய கிளாரா

*

விராலிமலை,
10 ஜூன் 2025

அன்புமொழி, என் தங்கமே.

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.

நான் சாப்பிடவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன். டப்பாவில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. அதை நம் வீட்டுச் சுரூபக்கூட்டில் மாதா காலடியில் வைத்திருந்தோம். உன் வார்த்தைப்பாட்டுக்கு வந்து விருந்து சாப்பிட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அந்த நாளில் அந்த நேரத்தில் அதைத் தின்று என் விருந்தாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் ஈஸ்டருக்கும் தொடவில்லை. சாப்பிட்டேன் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று எழுதினேன்.

ஞாயிறு இங்கே கோயிலில் மணி அடித்தார்கள், வெடி போட்டார்கள். புது பிளெக்ஸில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் வீட்டுக்கு வந்து, கூட்டைத் திறந்து, சிலுவை போட்டுக்கொண்டு அதைக் கடித்தேன். கல்லாக இறுகியிருந்தது. வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன்.

உப்பு, மொழி. வாய் முழுக்க உப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வெடிச் சத்தம் ஓயவில்லை. அங்கே அந்த நிமிஷம் நீ பீடத்துக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு வார்த்தை கொடுத்துக்கொண்டிருந்திருப்பாய். எறும்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

எழுந்து உபதேசியார் வீட்டுக்குப் போனேன். உங்களுக்கு என்ன ருசி இருந்தது, மாதா மேல் ஆணையாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மனுஷன் முகம் வெளுத்துப்போய், "உப்பாத்தான் இருந்துச்சு. ரோமாபுரிப் பண்டம், அப்புடித்தான் இருக்கும்னு நெனச்சேன். நல்லாயில்லன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். அவரைத் திட்ட வாயெடுத்தேன், திட்டவில்லை. என்னைவிட அவர் நல்லவர். அவராவது தின்று பார்த்தார்.

நேற்றுச் சாமியாரைக் கெஞ்சி மடத்துக்குப் போன் போடச் சொன்னேன். ஒரு கிழவியம்மா எடுத்தார். நான் "அன்புமொழி, அன்புமொழி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "கிளாரா" என்றதும் என்னமோ பாட்டுப் பாடுகிற மாதிரி நீளமாகச் சொன்னார். சாமியார் வாங்கிக் கேட்டுவிட்டு, "பேசக் கூடாதாம், சாவு கீவு இருந்தாத்தானாம்" என்றார். எனக்கு அது சாவாகத்தான் இருந்தது, அதை இத்தாலி பாஷையில் எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உபதேசியார் தடுத்தார், தவக்காலம் வந்தது என்று நான் சொல்லலாம். ஆனால் நீ இரண்டு கடிதத்தில் கேட்டாய். போனில் "அக்கா" என்று நிறுத்தினாய். இவ்வளவுக்கும் உப்புக் கதையை உனக்கு ஞாபகப்படுத்தியவளே நான். எனக்கா உறைக்கவில்லை? உறைத்துவிடக் கூடாது என்று இருந்திருக்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் திரும்பி வந்தவர்கள் என்று ஊர் பேசுமே என்ற பயம் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. தனியாகக் கிடந்து உன்னை நினைத்து ஏங்கியவளும் நான்தான், உன்னை அங்கேயே இருக்கவைத்தவளும் நான்தான்.

இனிமேல் உன் கடிதத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள். போஸ்ட்மேனிடம் சொல்லிவிட்டேன், என் கையில்தான் தருவார். நான் மட்டும் பிரிப்பேன். எதை வேண்டுமானாலும் எழுது. திட்டி எழுது.

அக்கா

*

விராலிமலை,
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தங்கைக்கு. நீ சுகமாக இருக்கிறாயா? ஒரு வரி வரவில்லை. என் கடிதம் கிடைத்ததா, கிடைத்தும் நீ எழுதவில்லையா என்று தெரியாமல் தினமும் போஸ்ட்மேன் வண்டிச் சத்தத்துக்குக் கடையை விட்டு வெளியே வந்து நிற்கிறேன். அவர் இப்போது தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னை மாதாவுக்கு நேர்ந்துவிட்டவள் அவள், எப்படித் தாங்குவாளோ என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் நான் கடித்தது போக மிச்சத்தை அவள் கையில் கொடுத்தேன். வாயில் போட்டு மென்றாள். தண்ணி கொடு என்றாள். இரண்டு நாள் ஜெபமாலையைக்கூட எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கடைக்கே நடந்து வந்துவிட்டாள், அந்த வீங்கின காலோடு. பெஞ்சில் ஆண்டியப்பன் மாமா டீ குடித்துக்கொண்டிருக்கிறார், லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்கச் சொன்னாள்:

"பெரியவளுக்கு உப்புன்னதும் உங்கப்பா போனாரு. சின்னவளுக்கு யாருடி போவா?"

மறுநாள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். திருச்சியில் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், கீரமங்கலத்துக்காரன் பெயர் இன்னும் எதிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையெல்லாம் அலைந்து சரி செய்தேன். போன வாரம் போலீஸ்காரர் விசாரிக்கக் கடைக்கு வந்தார். எதற்கு வெளிநாடு போறீங்க, வேலைக்கா என்று கேட்டார். "இல்லங்க, தங்கச்சிய அழைச்சிட்டு வரப் போறேன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். விசா என்று இன்னொன்று இருக்கிறதாம். இருக்கட்டும்.

நீ வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்கு அங்கே மனசு ஒப்பிவிட்டது என்றால் உன்னைப் பார்த்துவிட்டு, அந்தச் சுழலும் பெட்டியில் உன் கையையாவது தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். மருதாணி வைத்துக்கொண்டு வருகிறேன், அப்போதுதான் அடையாளம் தெரியும்.

ஊர் பேசுகிறது. பேசட்டும். பிளெக்ஸை நானே அவிழ்த்துக் கடைக்குக் கூரையாகப் போட்டுவிட்டேன், மழைக்கு ஒழுகாமல் நன்றாக இருக்கிறது.

உன் பதிலுக்கு ஏங்கும்,
அக்கா

*

இத்தாலி,
14 செப்டம்பர் 2025

அக்காவுக்கு. நீங்கள் மட்டும் வாசிக்கிற முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதம் வந்தபோது கோபம் வந்தது. வெளுத்த துணியையே திரும்ப வெளுத்தேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு, உப்பென்று தெரிந்தே, அங்கேயே இரு என்று சொல்கிறீர்கள் என்று நினைத்துத்தான் நான் சரி சொன்னேன். குப்புறப் படுத்திருந்தபோதுகூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆண்டவரை நினைக்கவில்லை. அப்படிக் கொடுத்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

அம்மா கடைக்கு நடந்து வந்ததை வாசித்தபோது சத்தமாக அழுதுவிட்டேன். சாப்பாட்டு அறையில், எல்லோரும் இருக்கும்போது. சிஸ்டர் அஞ்ஜெலாவுக்குக் கேட்காது, ஆனால் பார்த்துவிட்டார். தன் கைக்குட்டையைக் கொடுத்தார். ஐந்து வருஷத்தில் இங்கே என்னை ஒருவர் தொட்டது அன்றுதான்.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உப்பையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான், பிசைய யாருக்கும் கையில் பலம் இல்லை என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரும் அழுதார். பிறகு ரோமாபுரிக்கு எழுதிப்போட ஒரு தாள் எடுத்தார். வார்த்தைப்பாட்டிலிருந்து விடுவிக்க நாளாகுமாம், கிடைக்காமலும் போகலாமாம். அதுவரை வாசலில் யாராவது வந்து கேட்டால் பார்க்க அனுமதிப்பேன் என்றார்.

இந்த முறை பலகாரம் அனுப்பவில்லை. எழுத்திலேயே எழுதுகிறேன். அக்கா, எனக்கு இங்கே முடியவில்லை.

பாஸ்போர்ட் வந்துவிட்டதா?

உங்கள்,
அன்புமொழி